உட்கார்ந்தால் மட்டும் பொருந்தும் உடைகள்

பழிவாங்கப் பொறுமை வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பொறுமையெல்லாம் கிடையாது. ஐந்து வருடம் ஆனதற்கு ஒரே காரணம், அந்த ஆளை உட்காரவைக்கச் சரியான நாள் அமையாததுதான். அந்த ஐந்து வருடத்தில் நான் ஆடை வடிவமைப்பாளர் ஆனதெல்லாம் நடுவில் தானாக நடந்த சங்கதி.

தென்காசிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரகடத்துக்கு வந்தவள் நான். இரண்டாயிரத்து ஏழாம் வருடம். கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை. முதல் வருடம் எல்லோருக்கும் ஸ்டூல் இருந்தது. அடுத்த வருடம் டை கட்டிய ஒருவர் வந்து ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் போன மறுநாளே ஸ்டூல்களை வண்டியில் ஏற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நின்றுகொண்டு தைத்தால் சுறுசுறுப்பு கூடுமாம். தையல் மெஷினுக்குப் பெடல் உண்டே, அதை வலது கால் மிதிக்க வேண்டும். அப்படியென்றால் மொத்த உடம்பையும் இடது கால்தான் சுமக்க வேண்டும். எங்கேயோ யாரோ காரில் சாய்ந்து உட்கார்ந்து போவதற்காக, நாற்பது பெண்கள் எட்டு மணி நேரம் ஒற்றைக் காலில் நின்றோம். சாமிக்குக்கூட நான் அப்படி ஒரு வேண்டுதல் வைத்ததில்லை.

எங்கள் கம்பெனியில் கோணலாகத் தைத்த உறைக்கு என்.ஜி. என்று பெயர். நோ குட் என்பதன் சுருக்கம், உருப்படாதது என்று அர்த்தம். அந்த உறைகளையெல்லாம் சிவப்புக் கோடு போட்ட ஒரு மூலையில் கட்டுக்கட்டாகக் குவித்து வைப்பார்கள். இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள், ராத்திரி ஷிஃப்ட் முடித்து, ஆள் வரவில்லை என்று பகல் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். மத்தியானம் இடது கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் ஒரு கட்டின் மேல் ஐந்து நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். படம் எடுத்து முடித்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார். முதலிலேயே தட்டி எழுப்பி நாலு திட்டு திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

மூன்றாம் நாள் லைன் வாசலில் இருந்த போர்டில் அந்தப் படம் பெரிதாக ஏறியது. தலை பின்னால் தொங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, கால்கள் அகன்று கிடக்கின்றன, மேல்கோட்டில் ஒரு பட்டன் கழன்றிருக்கிறது. குறுக்கே சிவப்பு மையில் பெருக்கல் குறி. கீழே ‘தவறு’ என்று எழுத்து. பக்கத்திலேயே, மெஷின் முன்னால் விறைப்பாக நிற்கும் இன்னொரு பெண்ணின் படம். அதற்குப் பச்சையில் டிக், ‘சரி’. அந்தப் பெண் என் லைனில் எனக்கு அடுத்த மெஷின்காரி. சேரப்பணஞ்சேரியில் சொந்த வீடு உள்ளவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். படம் எடுக்கத்தான் கூப்பிட்டார்கள், எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவள் பெயர் ஓகே, என் பெயர் என்.ஜி.

புதிதாகச் சேர வரும் பெண்களை முதலில் அந்தப் போர்டு முன்னால்தான் நிறுத்துவார்கள். இன்சார்ஜ் ஒரு குச்சியால் என் வாயைத் தொட்டுக் காட்டி, "இது மாதிரி இருக்கக் கூடாது" என்பார். நான் பத்தடி தள்ளி நின்று தைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தைப் புதைத்துச் சிரிப்பார்கள். கம்பெனி பஸ்ஸில், விடுதியில், படப்பையில் ரீசார்ஜ் பண்ணும் கடையில்கூட என்.ஜி. அக்கா. படத்தை எடுத்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், எடுக்கவில்லை. பத்தாவது மாதம் வேலையை விட்டேன். நான் போன பிறகு போர்டிலிருந்து இறக்கி, பயிற்சி அறைத் திரையில் காட்டும் படங்களோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஓகே சொன்னாள். ஆள் போனாலும் படம் போகவில்லை. அதை அங்கிருந்து எடுக்கவைக்க வேண்டும், படம் எடுத்த அந்த ஆளையும் அதே கோலத்தில் ஊர் பார்க்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர அப்போது எனக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது.

சேரப்பணஞ்சேரியில் ஓகேயின் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து ஒரு தையல் கடை போட்டேன். நைட்டிக்கு ஓரம் அடிப்பது, கம்பெனிப் பையன்களின் பேன்ட்டைக் குட்டையாக்குவது, இவ்வளவுதான் வேலை. பழைய சாமான் கடையில் எங்கள் கம்பெனியின் என்.ஜி. உறைகள் கிலோக் கணக்கில் கிடைத்தன. என் பெயருள்ள சரக்காயிற்றே என்று அள்ளிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமசுக்கு ஓகே புது மாதிரியாக ஒரு உடை கேட்டாள். சாம்பல் நிற உறைத்துணியை வெட்டி, முதுகில் சிவப்புத் தையல் ஓடவிட்டு, ராப்பகலாகத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவள் முகம் செத்துவிட்டது. முன்பக்கம் வயிற்றில் மூட்டையாகப் புடைத்தது, பின்பக்கம் ஏறிக்கொண்டது.

"இன்னாக்கா இது? நான் மனுசியா, காரா?"

கோபத்தில் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உடனே மூட்டை காணாமல் போயிற்று. இடுப்பு மடிப்பில் துணி அப்படியே படிந்தது, தோள் சரியாக நின்றது, முதுகுத் தையல் நேராக இறங்கியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடமாக என் கை சீட்டை மட்டுமே வெட்டிப் பழகியிருக்கிறது. நிற்கிற உடம்புக்கு வெட்ட அதற்குத் தெரியாது.

தப்பைத் திருத்தியிருக்கலாம். எனக்கு மனது வரவில்லை. அதே வெட்டில் இன்னும் பன்னிரண்டு உடைகள் தைத்தேன். என்னைப் போல வேலையை விட்ட பெண்களும், வேலையில் இருந்தவர்களில் பயப்படாதவர்களுமாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, உட்கார ஒரு பலகைகூட இல்லாத ஒரகடம் பஸ் நிறுத்தத்தில், வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டோம். பெண்கள் ஒவ்வொருத்தியாக ரோட்டோரம் நடந்து வந்தார்கள். நடக்கும்போது பார்க்கச் சகிக்காது. ஜனங்கள் சிரித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல், பேசாமல், காலை நீட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் என் ஷோ.

"இன்னாம்மா, ஸ்ட்ரைக்கா? பர்மிஷன் கீதா?" என்று ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

"உக்காருததுக்கா சார்?" என்றேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மண்ணூர்ச் சந்தையில் செய்தோம். சேரப்பணஞ்சேரி ரேஷன் கடை வரிசைக்கு எதிரில் செய்தோம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் செய்தபோது சென்னையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கேமராவோடு வந்தார்கள். ஒரு பத்திரிகையில் என்னைப் பரிசோதனை வடிவமைப்பாளர் என்று எழுதினார்கள். உங்கள் கலைக்குத் தூண்டுதல் எது என்று கேட்டார்கள். ஒரு ஆளின் மேல் உள்ள வெறுப்பு என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்? சும்மா சிரித்து வைத்தேன்.

அந்த ஆள் இதற்குள் மேனேஜர் ஆகிவிட்டார். ஊர்களுக்கு நல்லது செய்ய என்று கம்பெனி ஒதுக்கும் பணமெல்லாம் அவர் கையில். பள்ளி ஆண்டு விழா, மரம் நடும் விழா, கண் சிகிச்சை முகாம், எங்கே பார்த்தாலும் அவர்தான் சிறப்பு விருந்தினர். பொன்னாடை என்றால் ஆளுக்கு உயிர். எனக்கு வழி தெரிந்துவிட்டது.

ஒரு நாற்காலி செய்தேன். கார் சீட்டு எந்தச் சாய்வில் இருந்தால், கழுத்தை எந்த இடத்தில் தாங்கினால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்று எங்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறார்கள். அப்படி வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லிக்கொடுத்தது. நான் அந்தச் சாய்வையே வைத்தேன். பஞ்சு வைத்தேன், கைகளுக்கு மெத்தை வைத்தேன், மேலே மெரூன் வெல்வெட்டில் உறை போட்டேன். ஓகேயை உட்காரவைத்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடம் குறட்டை விட்டாள்.

நாளையும் அவள்தான் சொன்னாள். "வர்ற வியாழக்கிழமை ஆடிட்டுக்கா. அந்த ஆளு பொதன்கெழமை நைட்டு பூரா உள்ளதான் கீறாராம். வியாழன் பகலும் அவுருதான்."

வியாழன் மூன்று மணிக்கு, அதே ஒரகடம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மேடை போட்டு விழா வைத்தேன். இரண்டாயிரத்துப் பதினான்கு. அழைக்க நேரில் போனேன். என்னை அடையாளம் தெரியவில்லை. "லேடீசுக்கு நல்ல விஷயம் பண்றீங்கம்மா, ஆடிட் முடிஞ்சதும் கண்டிப்பா வர்றேன்" என்றார். அவர் சிரிக்கும் படத்தைப் போட்டு வருக வருக என்று ஒரு ஃப்ளெக்ஸும் வைத்தேன். குறையே இருக்கக் கூடாது பாருங்கள்.

வந்ததும் மட்டன் பிரியாணி போட்டோம், பின்னாலேயே மோர் கொடுத்தோம். பொன்னாடை போர்த்தினேன். மேடையில் மெரூன் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு ஃபேனையும் திருப்பிவிட்டேன். இதற்குள் நாற்பது பேராகியிருந்த எங்கள் பெண்கள் எதிரில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பதினைந்தாவது நிமிடம் அவர் தலை ஒருமுறை ஆடியது. இருபதாவது நிமிடம் பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. பொன்னாடை நழுவி மடியில் விழுந்தது, கால்கள் அகன்றன. கூட்டம் முழுவதும் முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு வந்த அவருடைய ஆட்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கினான், அப்புறம் எல்லோரும் தூக்கினார்கள். நான் கல்லூரிப் பிள்ளை ஒருத்தியிடம் கேமராவை வாங்கி, வெளிச்சம் பார்த்து, நிதானமாக எடுத்தேன். எடுத்து முடித்த பிறகும் எழுப்பவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

மறுநாள் என் கடை வாசலில் பத்தடி உயரத்துக்கு அந்தப் படம் நின்றது. சிவப்பில் பெருக்கல் குறி, கீழே ‘தவறு’. கம்பெனி பஸ்கள் என் கடை முன்னால் வரும்போது வேகம் குறைத்தன.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே வந்தார். காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

"ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்தேம்மா. அதான் கண்ணசந்துட்டேன்."

"தெரியும் சார். அதைக் கேட்டுத்தான் தேதியே வச்சேன்."

அவர் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், சிவப்புக் குறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்த என்.ஜி. நீயா?"

அழைப்பிதழில் என் பெயர் இருந்தது. பத்திரிகையில் என் பெயர் வந்தது. அவருக்கு ஞாபகம் இருந்தது என்.ஜி.தான்.

"என் படம் இன்னும் உங்க டிரெய்னிங் ரூம்ல ஓடிட்டு இருக்கு" என்றேன்.

"அதை எடுத்துடறேன். நீ இதை எறக்கிடு. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

"மொதல்ல நீங்க எடுங்க சார். பாக்கலாம்."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தினம் பத்துப் பேரிடம் அவர் சொல்கிற வார்த்தை. ஆனால் தனக்குச் சொல்லும்போது சரி என்று கேட்டிருக்கிறது போல.

மறுநாள் மத்தியானம் ஷிஃப்ட் விட்டதும் ஓகே ஓடி வந்தாள். "போச்சிக்கா! உன் படம் போச்சி! இன்னிக்கு வந்த பேட்ச்சுக்குக் காட்டவே இல்ல. கம்ப்யூட்டர்லயே அழிச்சிட்டாங்களாம்." நான் தைப்பதை நிறுத்திவிட்டு அழுதேன். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். அவளும் அழுதாள்.

சாயங்காலம் அவர் வந்து வாசலில் நின்றார். கம்பெனியில் இருந்து நேராக வந்திருக்கிறார், முகம் வாடியிருந்தது.

"சொன்னபடி எடுத்துட்டேம்மா. எறக்கிடலாமா?"

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு நைட்டி பாதியில் இருந்தது. அதை எடுத்து ஓரம் அடிக்க ஆரம்பித்தேன். அவர் நின்றார். ஒரு நைட்டி முடிந்தது, இன்னொன்றை எடுத்தேன். அப்போதும் நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டார்.

"பாவம்க்கா" என்றாள் ஓகே மெதுவாக. நான் தலை நிமிரவில்லை. அவள் எழுந்து உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டாள்.

"உக்காருங்க சார்."

"ஏட்டி, அதை உள்ள கொண்டா" என்றேன்.

அவள் அசையவில்லை. அவர் ஃப்ளெக்ஸுக்குக் கீழே, நாற்காலியின் கையைப் பிடித்தபடி, உட்காரப் பாதி குனிந்திருந்தார். நான் எழுந்து போய் அவர் கையை எடுத்துவிட்டு, நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன்.