ஸ்கேனரைத் திருப்பிப் பார்க்கச் சொன்னவர்

அம்மா தவறிய முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பெரிய படம் போட வேண்டும். அவவின் ஒரேயொரு போட்டோவை ஸ்டூடியோவில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"துலைச்சிப்போட்டா?"

"அப்ப நீயே செய்," என்று சிரித்தார் கணவர்.

பெரியம்மா வீட்டுப் பழைய ஸ்கேனரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மகளின் புது லெப்டொப்பில் பொருத்தினேன். லெப்டொப் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஸ்கேனரில் ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போன் எடுத்தேன்.

"கடைய மூடிட்டன் தங்கச்சி. இப்ப பாசிக்குடாவில ஆட்டோ ஓடுறன்," என்றது ஓர் ஆண்குரல். மன்னிப்புக் கேட்டு வைக்கப்போனேன். "பொறுங்க, வண்டிய ஓரங்கட்டுறன்."

பழைய ஸ்கேனர்களுக்கான மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்லித்தந்தார். லெப்டொப் ஸ்கேனரை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஸ்கேனர் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது.

"உடைச்சிட்டன் அண்ணன்!"

"திருப்பிப் பாருங்க. அடியில ஒரு பூட்டு இருக்கும். ஆரும் பூட்டினதா?"

நான்தான். பஸ்ஸில் குலுங்கி உடையுமென்று கண்ணில் பட்டதையெல்லாம் இறுக்கியிருந்தேன்.

"மறுகா என்ன, திறந்து விடுங்க!" விழுந்து விழுந்து சிரித்தார்.

படம் துலக்கமாக வந்தது. "எனக்கும் அனுப்புங்க, பார்ப்பம்," என்றார். அனுப்பினேன்.

"அம்மாவும் உங்களப்போல பயந்த ஆள்தான். கமராவப் பார்த்து முழிக்கிறா."

அம்மாவைத் துணிச்சல்காரி என்றே நினைத்திருந்தேன். தனியாக நின்று எங்களை வளர்த்த மனுசி. பயந்து பயந்துதான் வளர்த்திருக்கிறா.