எதிர்ப்பக்கம் தள்ளப் பழகிய கை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பக்கத்து மேசை அக்காவுடையது. பன்னிரண்டு வருடமாகப் போன் எடுக்கிறாள்; குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவள் முன்னால் மூன்று மானிட்டர்கள். நடுவில் கூப்பிட்டவர் விவரம், இடப்பக்கம் வரைபடம், வலப்பக்கம் வண்டிப் பட்டியல். ஆறு வருடத்துக்கு முன் இவற்றை மாட்டிய புண்ணியவான் கம்ப்யூட்டரில் இடம் வலத்தை மாற்றிப் பதிந்துவிட்டான். கர்சர் வலப்பக்கத் திரைக்குப் போக, மவுஸை இடப்பக்கம் தள்ள வேண்டும்.

ஒன்பது முறை புகார் எழுதினாள். கிணற்றில் போட்ட கல். கடைசியில் தன் கையையே மாற்றிக்கொண்டாள். ஆறு வருடப் பழக்கத்தில், நாங்கள் நேராகப் போவதைவிட அவள் கோணலாக வேகமாகப் போனாள்.

ஒரு நாள் காலை அவள் டீ குடிக்கப் போயிருந்தபோது கம்ப்யூட்டர்காரர் வந்து அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டுப் போனார். என்ன என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் என் மனதை அரிக்கிறது.

அக்கா வந்து உட்கார்ந்ததும் ஒரு தகப்பனின் அழைப்பு.

"எட்டு மாசக் குழந்தைங்க. எதையோ முழுங்கிட்டான். மூச்சு வரல."

முகவரியைக் கேட்டுத் தட்டினாள். வண்டியைத் தேர்ந்தெடுக்க மவுஸை இடப்பக்கம் தள்ளினாள். கர்சர் வரைபடத்தில் போய் நின்றது. வலப்பக்கம் இழுத்தாள், நடுத்திரைக்கு வந்ததும் பழகிய கை மறுபடி இடப்பக்கமே தள்ளியது. மூன்றாம் முறையும் அதே கதை. போனில் தகப்பன் அழுதுகொண்டிருந்தார்.

அக்கா மவுஸை விட்டாள்.

"அஞ்சாவது தெரு, பதினேழாம் நம்பர். வண்டிய நீ அனுப்புடி."

அனுப்பினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு போனில் பேசினாள். "முன்கையில குப்புறப் போடுங்க. தலை கீழ இருக்கட்டும். முதுகுல, ரெண்டு தோளுக்கும் நடுவுல அஞ்சு தட்டு. பலமா. நான் எண்ணுறேன்."

நாலு வரை எண்ணினாள். குழந்தை வீறிட்டது.

பதிவைக் கேட்டுப் பார்த்தோம். மவுஸோடு மல்லுக்கட்டியதில் போனது பதினோரு நொடி.

மதியம் கம்ப்யூட்டர்காரர் புகார்ப் புத்தகத்தோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்க ஆறு வருஷப் பிரச்சினை தீர்ந்துடுச்சு மேடம். இங்க ஒரு கையெழுத்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லதுதானே மேடம் பண்ணேன். இதுல சொல்ல என்ன இருக்கு?"

அக்கா பேனாவை வாங்கினாள். அப்போதுதான் முதன்முறையாக அவள் குரல் உயர்ந்து கேட்டேன்.

"அந்தக் குழந்தை அழாமப் போயிருந்தா, எந்தப் புத்தகத்துல கையெழுத்து கேட்டிருப்பீங்க?"