பானட்டைத் தாங்கிய கைகள்

சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நாளில், அப்பா ஓட்டிய பழைய காரின் பானட்டைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங்கை மாற்ற இறங்கினேன். விரதத்தில் கடுஞ்சொல் பேசக்கூடாது. ஆனால் புது ஸ்பிரிங்கை எப்படி இழுத்தாலும் கொக்கியில் மாட்ட முடியவில்லை. வழுக்கி வந்து என் விரலைக் கிழித்தது. பானட் விழாமல் தாங்கி நின்ற மனைவியிடம், "ஆட்டாம புடிக்கத் தெரியாதா, சனியனே!" என்று கத்திவிட்டேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "என்னையத் திட்டறது எப்பவும் இருக்கறதுதானுங்க சாமி. இன்னிக்கு உங்க கழுத்துல இருக்கறவரு காதுலயும் உழுந்திருக்குமுங்க" என்றாள்.

அப்போதுதான் அவள் கைகள் நடுங்குவதைப் பார்த்தேன். பானட்டுக்கு ஒரு கம்பை முட்டுக்கொடுத்து, அவளை உட்கார வைத்தேன். ஸ்பிரிங் அன்று மாட்டவே இல்லை.

ஐயப்பனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளிடம் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.