மையா, நங்கூரமா?

கிளமான் முசே எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் முதலில் அதன் அடியைத்தான் பார்ப்பார். டீ டம்ளரைக் கொடுத்தால் தலைக்கு மேலே தூக்கி அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு உட்காருவார். பங்குச் சாமியார் கொடுத்த சின்ன மாதா சொரூபத்தைக்கூடத் திருப்பி, உள்ளே காலியா என்று விரலால் தட்டினார். அப்போது நான் ஏழாம் வகுப்பு. கல்லூரியை முடிக்கும்வரை அந்தப் பழக்கம் மாறி நான் பார்க்கவில்லை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டால், நீ எதற்குக் கேட்கிறாய் என்பார்.

அவருடைய அப்பா அறுபத்திரண்டில் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர். மகன் பதினெட்டு வயதில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து வருஷம் முடித்து, பென்ஷனோடு ஊர் திரும்பினார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா, அந்தப் பட்டமும் கூடவே வந்தது. மனைவி சீக்கிரமே இறந்துவிட்டார். ஒரே மகள் அமாந்தின். இரண்டாயிரத்தில் அவள் முத்தியால்பேட்டை பைக் மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்னபோது, மாப்பிள்ளையிடம் இவர் கேட்டது ஒரே கேள்வி.

"பொண்ணக் கட்டுறியா, பேப்பரக் கட்டுறியா?"

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டினால் பாரிஸ் போகலாம் என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. ஆனாலும் கோயில் வாசலில், எல்லார் முன்னாலும் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். இவர் கேட்டார். அமாந்தின் அவரையே கட்டிக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பிப் போனாள். ஆறு வருஷம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள். மெக்கானிக் எங்கேயும் ஓடவில்லை. அங்கேயும் மெக்கானிக்காகவே இருந்தார். தன் கேள்வி தப்பு என்று முசேவுக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு ஒரு சாக்குத்தான் கிடைக்கவில்லை.

அந்தச் சாக்கு ஒரு நங்கூரத்தின் வடிவில் வந்தது.

முசே சாயங்காலம் சைக்கிளில் கிளம்பும்போது யாராவது எங்கே என்று கேட்டால், "பார் பிடிக்கப் போறேன்" என்பார். புதுச்சேரியில் பாருக்குப் போகிறவர் அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை. "இவ்ளோ தூரம் மெனக்கெட்டுப் போய்ப் பிடிக்கணுமா, நம்ம தெருவிலயே ரெண்டு இருக்கே" என்று என் அம்மா சின்னப்பொண்ணு சிரிப்பாள். பார் என்பது பிரெஞ்சில் ஒரு மீனின் பெயர் என்றும், நம் கொடுவாவைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்றும், நோணாங்குப்பத்தில் ஒரு தோப்பில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார் என்றும் எங்களில் யாருக்கும் தெரியாது. பிரெஞ்சு படித்த எனக்கும் தோன்றவில்லை. நான் படித்த பிரெஞ்சில் மீன்கள் இல்லை.

இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள் பக்கிரி மாமா. மில்லில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். நங்கூரக் கதையை அவர்தான் பின்னால் எனக்குச் சொன்னார்.

நோணாங்குப்பம் சுண்ணாம்பாற்றில் கொடுவா நிற்கும் இடம் ஆழமில்லாதது. இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு. அடியில் சேறு. கரையோர மர வேர்களுக்கு எதிரே படகை அசையாமல் நிறுத்தித் தூண்டில் வீச வேண்டும். சத்தம் கேட்டால் மீன் போய்விடும். முதலில் முசே ஒரு கருங்கல்லை வலையில் கட்டி இறக்கினார். தண்ணீர் கடலுக்கு வடியும்போது இழுப்பு அதிகம்; கல் சேற்றில் வழுக்கிக்கொண்டே போனது. கல் கொடுத்தவன் கனம் குறைந்த கல்லாகப் பார்த்துக் கொடுத்துவிட்டான் என்று பட்டறையில் வந்து கத்தினார்.

"கல்லுல கூடவா முசே டூப்ளிகேட் வரும்?" என்றார் பக்கிரி மாமா.

"இந்த ஊர்ல வரும்."

அடுத்தது நாலு கொக்கி நங்கூரம். பக்கிரி மாமாவே செய்து கொடுத்தார். நன்றாகப் பிடித்தது. ஆனால் இறக்கும்போது சங்கிலி படகின் விளிம்பில் கடகடவென்று அடிக்கும். தூக்கும்போது சேறு கலங்கும். ஒரு வாரத்தில் வேரில் மாட்டி ஒரு கொக்கி நிமிர்ந்துகொண்டது.

"பன்னெண்டு எம்.எம். கம்பின்னியே, இன்னாத்தப் போட்ட?"

"பன்னெண்டுதான் முசே. வெர்னியர் வெச்சி அளந்து பாரு."

"வெர்னியர் யாருது?"

"என்துதான்."

"அப்ப அது நீ சொல்றதத்தானே காட்டும்?"

பக்கிரி மாமா சிரித்துவிட்டு, ஒரு கழியைப் படகின் பின்னால் சேற்றில் சொருகினால் போதும் என்று சொல்லியிருக்கிறார். முசே முறைத்தார். "கழிக்கு எதுக்குடா உன் பட்டறை? என்னைக் கழட்டி வுடப் பாக்கறியா?"

அந்தச் சமயத்தில்தான் லீவில் வந்த பழைய ராணுவக்காரர் ஒருவர் ஒரு பிரெஞ்சு மீன்பிடிப் பத்திரிகையை விட்டுப் போனார். அதில் ஒரு படம். படகின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய கோல் ஒன்று சத்தமில்லாமல் இறங்கி அடிச்சேற்றில் குத்தி நிற்கிறது. ஸ்டாண்டு போட்ட சைக்கிள் மாதிரி படகும் அங்கேயே நிற்கிறது. முசே அந்தப் பக்கத்தை ஒரு மாதம் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். பிறகு முடிவெடுத்தார். அதை அமாந்தினிடம் கேட்பது.

ராணுவத்தில் அவருக்குப் பிரெஞ்சு பேசத்தான் வந்தது. மெதுவாகப் படிப்பார். எழுத வராது. பாரக்கில் இருந்தபோது அவருடைய கடிதங்களைக் கூட இருந்த ஒருவர் எழுதிக் கொடுப்பார். இந்த முறை என்னிடம் வந்தார்.

நான் அப்போது இந்திரா காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் இருந்தேன். பி.ஏ. பிரெஞ்சு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மார்க் வரும் என்று எடுத்த பாடம், மார்க்கும் வந்தது. வேலைதான் வரவில்லை. பென்ஷன்காரர்களுக்கு பிரெஞ்சில் கடிதம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முசே கீபோர்டைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"மெயில் வேணாம் கொழலி. நடுவுல எவனாவது படிப்பான். பேப்பர்ல அடி."

"ரெண்டு காப்பி எடுக்கட்டுமா மாமா?"

"எதுக்கு ரெண்டு? இன்னொண்ணு யாருக்கு?"

பிறகு குரலைத் தாழ்த்தி பிரெஞ்சில் சொன்னார். பக்கத்துக் கம்ப்யூட்டர்காரன் கேட்டுவிடக் கூடாது என்று படகைச் சொல்லவில்லை, ஆற்றைச் சொல்லவில்லை. பத்திரிகைப் பக்கத்தையும் பையிலிருந்து எடுக்கவில்லை. அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனக்கு ஒரு நல்ல ஆங்க்ர் அனுப்பு. இங்கே கிடைப்பது எதுவும் பிடிப்பதில்லை. விலையைப் பார்க்காதே. நீ அனுப்பினால் நான் நம்புவேன்."

கடைசி வரியை மூன்று முறை மாற்றினார். அந்த வரிக்காகத்தான் மற்ற வரிகள் என்று எனக்குப் புரிந்தது. முதல் வரி புரிந்ததா என்று நான் யோசிக்கவே இல்லை.

பிரெஞ்சில் ஆங்க்ர் என்றால் நங்கூரம். ஆங்க்ர் என்றால் மையும்தான். ஏ (a) எழுத்தில் தொடங்கினால் நங்கூரம், ஈ (e) எழுத்தில் தொடங்கினால் மை. காதுக்கு இரண்டும் ஒன்று. பேனாவும் நோட்டுமாக வளர்ந்தவள் நான். ஈ அடித்தேன்.

ஐந்து வாரத்தில் பார்சல் வந்தது. நாலு புட்டி நீலக்கறுப்பு மை. ஒரு அட்டை: "அப்பா, இனிமேல் நீங்களே எழுதுங்கள். காத்திருக்கிறேன்."

அப்பா கடைசியில் தானே எழுத உட்காரப் போகிறார் என்று அவள் சந்தோஷப்பட்டு அனுப்பியது அது. அவர் படித்தது வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். "மை வந்துச்சி. எழுதத் தெரியாதவனுக்கு மை. உன் புருஷன் சொல்லிக் குடுத்தானா?" என்று கத்திவிட்டு வைத்தார். போன் வயரையே பிடுங்கிப் போட்டார். எங்கள் வீட்டுக்கே கேட்டது.

மை என்ற சொல் என் காதில் நின்றது. சென்டரில் அந்தக் கடிதத்தைத் திறந்து பார்த்தேன். எதற்கு மை, அவர் எழுதவே மாட்டாரே? அகராதியில் தேடினேன். நங்கூரம் என்று இன்னொரு ஆங்க்ர் இருந்தது; பிடிப்பதில்லை என்று அவர் சொன்னது அதைத்தான். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. அப்பாவும் மகளும் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தார்கள். இதை எழுதும்போதும் அது உறுத்துகிறது.

மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு என்னை அடியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எவ்ளோ அனுப்புனா?"

"யாரு மாமா?"

"அமாந்தின். பழிய நீ ஏத்துக்கோன்னு சொல்லி எவ்ளோ அனுப்புனா?"

இரண்டு சொற்களையும் எழுதிக் காட்டினேன். "நீ எழுதுனா நீ எழுதுனதுதானே இருக்கும்" என்றார். உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்று படிப்பு எனக்குச் சொல்லியிருந்தது. அவரிடம் அது செல்லவில்லை.

கடைசியில் அவரே ஒரு பரீட்சை வைத்தார். நோத்தேர் என்கிற நோட்டரி ஆபீசில் முப்பது வருஷம் பிரெஞ்சுப் பத்திரம் அடித்த மரி-லோர் மதாம் அடுத்த தெருவில் இருந்தார். முசே என்னை அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்தார். "முதுகக் காட்டி நில்லு. கண்ணு காட்டுவ."

உள்ளே போய் அதே வரியைச் சொல்லி எழுதச் சொன்னார். காகிதச் சத்தம் கேட்டது. மதாம் பேனாவை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார் போல.

"எது கிளமான்? எழுதற மையா, படகு நங்கூரமா?"

நான் திரும்பவில்லை.

வெளியே வந்தவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுக்காமலே இரண்டடி தள்ளினார். "இந்த ஒரு வார்த்தைய நீ ஏன் என்னைக் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல மாமா?"

அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். வாயை மூடிக்கொண்டு, யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோலச் சிரித்தார்.

இருந்தும் மதாம் கேட்ட அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நான் கேட்டிருந்தால் நாலு சொல்லில் முடிந்திருக்கும். தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள எனக்குப் பயம். கேட்டால் படிக்காதவள் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் பிறரை நம்பவில்லை. நான் என்னையே நம்பவில்லை. இரண்டும் சேர்ந்து நாலு புட்டி மையாக வந்து இறங்கியது.

முசே பக்கிரி மாமாவிடம் போனார். படகின் பின்பக்கத்தில் ஒரு குழாய்த் துண்டைப் பொருத்தி, உள்ளே ரப்பர் வைத்து, அதன் வழியாக ஒரு மூங்கில் கழியை இறக்கினார்கள். சத்தமில்லை, சேறு கலங்கவில்லை, படகு நின்றது. "இதத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் பக்கிரி மாமா. "சொன்ன. சிரிச்சிக்கினே சொன்ன. சிரிச்சிக்கினே சொல்றவன எப்படி நம்புறது?" என்றாராம்.

நங்கூரம் முடிந்தது. கடிதம் முடியவில்லை; அமாந்தினிடம் மன்னிப்புக் கேட்பது பாக்கி. போனில் சொல்லிவிடுங்கள் என்றேன். "அவ அழுவா. நானும்... வேணாம். அவ கேட்டது எழுத்து. நானே எழுதுறேன், அவ அனுப்புன மையிலயே." நான் எழுதித் தருகிறேன் என்றபோது கையை ஆட்டி மறுத்தார். "உனக்கு ஈ போடுற கை."

மாதங்கள் போயின. கேட்கும்போதெல்லாம், "எழுத்துல தப்பு வந்தா மருமவன் சிரிப்பான்" என்பார். எனக்குச் சென்னையில் பிரெஞ்சில் பேசும் ஒரு கால் சென்டர் வேலை கிடைத்தது. ஊருக்கு வரும்போது கேட்பேன். "வருது, வருது" என்பார். இரண்டாயிரத்தொன்பது ஆகஸ்டில், படகைக் கழியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். படகு இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அமாந்தின் வந்தாள். கணவரும் வந்திருந்தார், சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர். அடக்கம் முடிந்த மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கத்தலுக்கும், அதற்கு முந்தைய கோயில் வாசல் கேள்விக்கும் அவர் மன்னிப்புக் கேட்டு எழுத இருந்தார் என்றும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொல்றத நான் எப்படி நம்புறது?"

அலமாரியில் நாலு புட்டியும் இருந்தன. மூன்றில் மூடி திறக்கப்படவே இல்லை. நாலாவதைத் தலைக்கு மேலே தூக்கி, வெளிச்சத்தில் அதன் அடியைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது.

வீடு முழுதும் தேடினோம். மெத்தைக்கு அடியில், பென்ஷன் ஃபைலில், படகுப் பெட்டியில். எழுதிய தாள் ஒன்றுகூட இல்லை. கிழித்தாரா, எரித்தாரா, ஆற்றில் விட்டாரா தெரியாது. பாதிப் புட்டி மைக்கு எத்தனை கடிதம் எழுதலாம் என்று அமாந்தின் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அவளுக்கு வர வேண்டிய அந்த ஒரு கடிதம் இன்றுவரை வரவில்லை.