அம்மாளிடம் மூன்று தரம் கேட்ட ஊசி

அம்மாளின் அடியவர்களே, மூச்சு முட்டினவருக்குத்தான் மூச்சின் அருமை தெரியும். எனக்கு இழுப்பு என்கிற முட்டு வருத்தமும் உண்டு, சீனி வருத்தமும் உண்டு. போன மாரி மழையில் சளிக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒட்சிசன் மாட்டிக் கிடந்தேன். வெள்ளிக்கிழமைப் பஜனையில் முதல் குரல் எடுக்கிறவள் நான். எனக்கு "தாயே" என்று கூப்பிடக்கூட மூச்சுப் போதவில்லை. இனி நம் ஊர் உப்புவெளிக்குத் திரும்பமாட்டேன் என்றே நினைத்தேன்.

பிழைத்து வந்ததும் டொக்டர், அடுத்த மாரிக்கு முன் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடச் சொன்னார். அங்கேதான் பிடித்தது சனியன். பக்கத்து வீட்டு மலரக்கா, "ஊசி போட்டவையளுக்குத்தானே காய்ச்சல் வருது" என்றா. கனடாவில் இருக்கும் மகள், "அம்மா, போடாட்டி நான் உங்களோட கதைக்க மாட்டன்" என்றாள். ஆளுக்கொரு கதை! இழுக்கிறது என் நெஞ்சு, இவர்களுக்கு என்ன?

சரி, அம்மாளையே கேட்போம் என்று கோயிலுக்குப் போனேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே காகிதத்தில் மடித்து, அவள் முன் போட்டு ஒன்றை எடுத்துப் பூக் கட்டிப் பார்ப்பது நம் வழக்கம்தானே. வெள்ளை வந்தால் ஊசி போடுவது, சிவப்பு வந்தால் விடுவது. கோயில் ஐயர் எடுத்துத் தந்தார். வெள்ளை.

மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி திரும்பவும் கேட்டேன். அதுவும் வெள்ளை. "ஐயர் பொட்டலத்தைச் சரியா மடிக்கேல்லைப் போல" என்றா மலரக்கா. அதையும் நம்பி, பஸ் ஏறிப் போய்க் கப்பல்துறையில் இன்னொரு கோயிலில் கேட்டேன். சிவப்பு! வீட்டுக்கு வந்து சாமிப் படத்தோடு சண்டை பிடித்தேன். "தாயே, உனக்கு ஒரு நாக்கோ, ரெண்டு நாக்கோ? மாரியும் வரப்போகுது. ஒரு வழியைக் காட்டு!" கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் விடியவே பூவோடு நம் கோயிலில் போய் நின்றேன். ஐயர் பூவை வாங்கவில்லை.

"அம்மா, அவ ரெண்டு தரம் சொல்லிப்போட்டா. இனிக் கேட்டா அவவுக்கே அலுத்துப்போகும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சீனி. டொக்டர் எனக்கும் சொன்னவர். ஊசியெண்டாப் பயம், அதுதான் போகேல்லை. பூசை முடியட்டும், ரெண்டு பேரும் போவம்."

அவ்வளவு எரிச்சலிலும் சிரித்துவிட்டேன். வழி காட்டு என்று கேட்டவளுக்குக் கூட வர ஆளையும் அனுப்பிவிட்டாள் தாய்.

டொக்டர் எங்கள் வருத்தங்களை விசாரித்து, இருவருக்கும் ஊசி போட்டார். ஐயர் கண்ணை மூடி மந்திரம் தொடங்க, அது முடியுமுன் ஊசி முடிந்தது. எனக்கு ஊசி போட்ட கை உளைந்து வலித்தது. ஒரு நாள் உடம்பு கணகணத்தது. "சொன்னனான் தானே!" என்று மலரக்கா மதிலால் எட்டிப் பார்த்தா.

இந்த மாரியில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு இருமல். எனக்கும் மூக்கு ஒழுகித் தடிமன் வந்தது. வந்த வழியே போய்விட்டது. கட்டிலும் இல்லை, ஒட்சிசனும் இல்லை. ஊசியா, அம்மாளா என்று பிரித்துக் கேட்காதீர்கள். ஊசிக்குக் கூட்டிப் போனதே அவள்தான். போன வெள்ளி பஜனையில் எங்கும் நிறுத்தாமல் பாடி முடித்தேன். மலரக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தா. அவ நெஞ்சு வருத்தக்காரி.

"பிள்ளை, எனக்கும் ஒருக்காப் பூக் கட்டிப் பாப்பமே?"

"பூவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். விடியச் செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ, டொக்டரிட்டப் போவம்" என்றேன்.

அன்பானவர்களே, அம்மாளை நம்பிக் கேளுங்கள். ஒரு தரம் கேளுங்கள். சொன்னால் எழும்பிப் போங்கள். ஊசிக்குத் தனியே போகப் பயமா? வெள்ளிக்கிழமை பஜனை முடிய வாசலில் நிற்பேன். நான் கூட வருகிறேன்.