மூன்று விநாடி அமுக்கினால்தான் அணையும்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "ஊரையே ஏத்தி இறக்குறேன், என்னை ஏத்த ஆள் இல்ல மச்சான்" என்று படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நூறாவது தடவையும் புதிதாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அத்தானுக்கு வாய் ஓயாது. பாதிக் காரணம் சுபாவம், பாதி தொழில். எங்காவது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் அமுக்கும் மணி அவருடைய போனில் அடிக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கையைக்கூடக் கழுவ மாட்டார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? குழந்தைங்க இருக்காங்களா? பயப்படாதீங்க, நான் பேசிக்கிட்டே வர்றேன். நீங்களும் பேசிக்கிட்டே இருங்க" என்று சொல்லியபடியே செருப்பை மாட்டுவார். கதவு திறக்கும்வரை போனை வைக்க மாட்டார். வழியில் சிவப்பு விளக்கு விழுந்தால் அதைச் சொல்வார். குறுக்கே ஒரு கிழவர் போனால் அவர் சட்டை என்ன நிறம் என்று சொல்வார். "மாட்டிக்கிட்டவங்களுக்கு இருட்டுகூடப் பரவாயில்ல மச்சான். பதில் வராம போறதுதான் தாங்காது" என்று ஒருமுறை சொன்னார். அப்போது நான் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவருக்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் வேலை. காலையிலிருந்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதுதான் பிழைப்பு. கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஒரு மனிதக் குரல் காதில் விழக் கூடாது. என் மனைவி நாலு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "உங்க காலுக்குக் கீழ பிரேக் இருக்கிறது அந்தக் கார்ல மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் பைக்கில் கிளம்புவோம். முதலில் மருந்துக்கடைக்காரர், வழி அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது கணக்கு டீச்சர். மூன்றாவது நான். கடைசியில் அத்தான். இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தோம்: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிறவருக்குப் பொறுப்பு. அவருடைய ஹெட்லைட் நம் பக்கக் கண்ணாடியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஓரம் கட்டி நின்றுவிட வேண்டும். நாம் நின்றால் நமக்கு முன்னால் போகிறவர் கண்ணாடியில் நம்மைக் காணாமல் நிற்பார். அத்தானின் ஹெட்லைட், வண்டி ஒருமுறை விழுந்ததில் வளைந்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் அதை அடையாளம் சொல்லிவிடுவேன்.

இதில் குறை அத்தானுக்கு மட்டும்தான். இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு ஓட்டுவது அவருக்குத் தண்டனை. ஹெல்மெட்டில் மாட்டிப் பேசிக்கொள்ளும் செட் வாங்கலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். "உங்க குரல் ஏற்கெனவே ஊருக்கே கேக்குது, இதுக்கு மைக் வேறயா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர்தான் அதிகம் சிரித்தார். ஆனால் விடவில்லை. ஒரு சனிக்கிழமை நாலு பேரையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரர் பொறுமையான மனிதர். மேசைமேல் இரண்டு பெட்டிகளைப் பிரித்து வைத்தார். "இது சங்கிலி மாதிரி. முதல் ஆள் ரெண்டாவது ஆளோட, ரெண்டாவது ஆள் மூணாவது ஆளோடன்னு கை கோத்துக்கும். இன்னொண்ணு வலை மாதிரி. பக்கத்துல யார் இருந்தாலும் அதுவே தேடிப் பிடிச்சுக்கும்" என்றார்.

"சங்கிலியில நடுவுல ஒருத்தர் செட் நின்னுபோனா?" என்று அத்தான் கேட்டார். பழுதைப் பற்றித்தான் முதலில் கேட்பார், தொழில் அப்படி.

"அவருக்குப் பின்னால இருக்கிறவங்க தனியா போயிடுவாங்க சார்."

"வலையில?"

"ஒருத்தர் போனாலும் மத்தவங்க பேசிக்கலாம்."

"அப்ப வலைதான்" என்றார் அத்தான்.

உடனே எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. "நாம என்ன ஊர்வலமா போறோம்? நாலே பேர். வரிசை மாறவே மாறாது. உங்களுக்கு முன்னால எப்பவும் நான்தான் இருக்கேன். நான் என்ன ஓடியா போயிடுவேன்?" என்று ஆரம்பித்தேன். சங்கிலி செட்டில் பாட்டு நன்றாகக் கேட்டது, விலையும் பாதி. டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் என் பக்கம் சாய்ந்தார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: எனக்குச் சங்கிலியும் ஒன்றுதான், வலையும் ஒன்றுதான். அவர் அதைக் கேட்டார், அதனால் நான் இதைக் கேட்டேன். வாதத்தில் ஜெயிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு.

அத்தான் வலைப் பெட்டியைக் கடைக்காரர் பக்கம் தள்ளினார். "சரி. மச்சான் முன்னால இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

ஒவ்வொருவர் ஹெல்மெட்டின் உள்பஞ்சையும் அவரே பிரித்து, எங்கள் காது எந்த உயரத்தில் வருகிறதென்று விரலால் அளந்து ஸ்பீக்கரை ஒட்டினார். இடப்பக்கம் இருந்த பட்டனைக் கடைக்காரர் காட்டினார். "கையுறையோட தெரியாம பட்டா அணையாது. மூணு செகண்ட் விடாம அமுக்கினாத்தான் அணையும்" என்றார். அத்தான் கடை வாசலில் நின்றபடி முதல் சோதனை செய்தார். "ஹலோ, உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" நாலு ஹெல்மெட்டுக்குள்ளும் சிரிப்பு.

செட் வந்த பிறகு பள்ளம், மணல், எதிரே வரும் லாரி எல்லாமே காதுக்குள் வந்தன. கூடவே அத்தானின் கதைகளும் வந்தன. பின்னால் வருகிற ஆளின் குரல் காதிலேயே இருக்கும்போது கண்ணாடியை எதற்குப் பார்ப்பது? யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போனது.

அந்த ஞாயிறு நீளமான, ஆளில்லாத சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அத்தான் ஆரம்பித்தார். "மச்சான், உன் பொண்டாட்டிக்கு ஒரு போன் போட்டியா?" "முன்னால பள்ளம், பாத்து வாங்க" என்று பேச்சை மாற்றினேன். "நேர்ல போ மச்சான். போய் வாயை மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் அவ பேசுறதைக் கேளு. அது போதும், வந்துடுவா."

டீச்சர் மைக்கில் மெல்லச் சிரித்தது கேட்டது. எனக்குத் தலை சூடேறிவிட்டது. "எல்லாரும் கேக்குறாங்க. நிறுத்துங்க" என்றேன்.

"நம்ம ஆளுங்கதானே. கேட்டா என்ன?"

இடது கையைத் தூக்கிப் பட்டனை அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. யோசிக்க மூன்று விநாடி இருந்தது, நான் யோசிக்கவில்லை. காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. அப்பாடா என்றிருந்தது. கண்ணாடிப் பக்கமும் திரும்பவில்லை. அந்தச் சாய்ந்த ஹெட்லைட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முன்னால் போன இருவரும் நான் முறுக்கிக்கொண்டேன் என்று புரிந்துகொண்டு பேசாமல் ஓட்டியிருக்கிறார்கள். முப்பத்தைந்து நிமிஷம் கழித்துப் பெட்ரோல் பங்கில் நின்றோம். டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி, "லிஃப்ட் சார் எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தேன். வெறும் சாலை.

திரும்பி ஓட்டிய வேகத்தில் மருந்துக்கடைக்காரரையே முந்தினேன். வரிசை முதல்முறையாக அன்றுதான் மாறியது. தார் போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அத்தானை நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "ஹெல்மெட்டுக்குள்ளயே யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்தாருங்க" என்றாள் அங்கே வேலை செய்த அம்மா ஒருத்தி. "மச்சான், மச்சான்னு. ரொம்ப நேரம் கூப்பிட்டாரு. அப்புறம் பேச்சு குழறிடுச்சு. அதுக்கப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது."

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் பேச்சும் போயின. "இந்த வியாதியில ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ முன்னாலதானேடா போனே? உனக்குக் கேக்கலையா?"

"பேட்டரி தீர்ந்துபோச்சு அக்கா."

யோசிக்காமல் வந்த பொய். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நானும் மருந்துக்கடைக்காரரும் அவரை நாற்காலியோடு மூன்று மாடி தூக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். அவருடைய பழைய நகைச்சுவை எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும், உதடு லேசாக அசைந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

அக்கா அதோடு விடவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். "இப்படி நடுவழியில பேட்டரி போற சாமானை வித்து என் புருஷனை இப்படி ஆக்கிட்டீங்களே" என்று நடுக்கடையில் அழுதாள். கடைக்காரர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். பேட்டரி ஒரு நாள் முழுக்க வரும் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்ததும் நான் சொன்னது பொய் என்பதும் புரிந்திருக்க வேண்டும். "மன்னிச்சிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். செய்யாத தப்புக்கு அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டதை, செய்த நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் செத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆறு மாதம் போயிற்று. அத்தான் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருப்பார். ஊட்டினால் சாப்பிடுவார், திருப்பினால் திரும்புவார். நல்லபடியாக இருக்கும் இடது கையைக்கூடத் தானாகத் தூக்க மாட்டார். சொன்னதெல்லாம் புரிகிறது, மனசுதான் விட்டுப்போயிருக்கிறது, ஓயாமல் பேச்சுக் கொடுங்கள் என்றார் டாக்டர். அக்கா பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனாள். நான் போனால் கட்டில் ஓரத்தில் ஊமையாக உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவேன். அவர் கண்ணைப் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது.

ஒரு ஞாயிறு காலை அக்காவே யோசனை சொன்னாள். "அவருக்கு அந்த ஹெல்மெட்ல பேசுறதுன்னா உசுரு. நீ கீழ போய் அதுல பேசுடா. பழைய ஞாபகம் வரட்டும்." அவருடைய செட்டை ஹெல்மெட்டிலிருந்து பிரித்து, ஸ்பீக்கரைக் காதோரம் வைத்துக் கட்டி, செட்டை இடது கையில் கொடுத்தாள்.

நான் தெருவில் இறங்கி, நிறுத்தியிருந்த வண்டியில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிப் பட்டனை அமுக்கினேன். இணைந்ததும் அவர் மூச்சு காதுக்குள் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

"அத்தான்" என்றேன். முகம் தெரியாதது வசதியாக இருந்தது. சொல்ல ஆரம்பித்துவிட்டேன். "பேட்டரி தீரலை அத்தான். நான்தான் அணைச்சேன். நீங்க அவளைப் பத்திப் பேசினீங்கன்னு கோபத்துல அணைச்சேன். கண்ணாடியையும் பார்க்கலை. நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்கன்னு அந்த அம்மா சொன்னாங்க. வலைதான் வேணும்னு நீங்க சொன்னீங்க. நான்தான் கெடுத்தேன். அக்காகிட்ட இன்னும் சொல்லலை. உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு..."

அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவர் மூச்சு வேகமாகியது. தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பி, சொல்லாக மாறாமல் நின்றது. நான் காத்திருந்தேன். திட்டுவதற்காவது ஒரு சத்தம் வராதா என்று காத்திருந்தேன்.

டொக் என்று ஒலித்தது. செட்டில் இருக்கும் பெண் குரல், தொடர்பு விட்டுப்போனதாகச் சொன்னது. பிறகு ஒன்றுமில்லை. நான் பேசிப் பார்த்தேன், கூப்பிட்டுப் பார்த்தேன். அன்று அந்தச் சாலையோரத்தில் அவர் காதில் விழுந்ததும் இதுதான்.

மூன்றாவது மாடி ஜன்னலில் அக்கா எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி! அவரே அணைச்சார்டா! நான் ஒண்ணுமே சொல்லலை. பட்டனை விடாம அமுக்கிக்கிட்டே இருந்தார்டா! ஆறு மாசத்துல அவரா செஞ்ச முதல் வேலைடா இது!"

நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அண்ணாந்து பார்த்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"என்னடா சொன்னே அவர்கிட்ட? எதுவா இருந்தாலும் சரி, நாளைக்கும் வந்து அதையே சொல்லுடா!"