முழிவியளம்

என்னை யாராவது பாராட்டினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இவருக்கு என்னிடம் என்ன வேண்டும் என்று யோசித்தே பொழுது போய்விடும். மலாயாவில் உத்தியோகம் பார்த்த என் கணவர் காய்ச்சலில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்த பிறகு, ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப்பேர் என் சீதனக் காணியை மனதில் வைத்துக்கொண்டே வந்தார்கள். அதனால், சைவ தருமசபைத் தலைவர் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கே வந்து, "பிள்ளை, எங்கடை கூட்டத்துக்கு நீங்களும் வரவேணும்" என்று கேட்டபோது, மகிழ்ச்சிக்கு முந்தி சந்தேகம்தான் வந்தது.

சபையார் மயிலிட்டியில் கோயில் மடமொன்றில் வெள்ளிக்கிழமைகளில் கஞ்சி ஊற்றி வந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெண்சாதிமாரும் பிள்ளைகளும்தான் அங்கே அதிகம் வருவார்கள். கஞ்சியால் இது தீராது, இந்த விதவைகளுக்கு மாதாமாதம் அரசாங்கமே உதவ ஒரு சட்டம் கேட்கவேண்டும் என்றார் தலைவர். அரசாங்க சபை உறுப்பினர் ஒருவரை மடத்துக்கு அழைத்து நேரில் முறையிடுவதாகத் திட்டம். திட்டம் நன்றாக இருந்தது. அதனாலேயே அதற்குள் என்ன சூது என்று தேடினேன். தலைவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறாரோ? சபைக் காரியதரிசி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டினார். அவரை இன்னும் கூடுதலாகச் சந்தேகித்தேன்.

உறுப்பினர் முன்னால் பேச ஒரு பெண்ணைத் தேடி மயிலிட்டிக்குப் போனேன். கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். புருசன் சோளகக் காற்றில் வள்ளத்தோடு போய் இரண்டு வருடம். ஆனால் நெற்றியில் பொட்டு இருந்தது.

"ஆர் உங்களை அனுப்பினது? வேதக்காரரோ?"

"இல்லை, சைவ சபை."

"உடுவில் மிசன் பள்ளிக்கூடத்திலை படிச்ச ஆள்மாதிரிக் கதைக்கிறியள்."

"படிச்சனான்தான். வேதத்துக்கு மாறேல்லை."

அவள் நம்பவில்லை. நானும் அவளை நம்பவில்லை. புருசன் அக்கரையில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறானோ, இவளுக்குச் செய்தி வருகிறதோ என்று மனம் கணக்குப் போட்டது. கடைசியில் அவளே சொன்னாள். "சவம் கரையொதுங்கேல்லை. அது ஒதுங்குமட்டும் நாங்கள் பொட்டு அழிக்கமாட்டம்." பத்து வயது மகளைத் தைப்பொங்கல் முடிந்ததும் பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சாம். அந்த வீட்டுக்கு முன்பு போன பிள்ளை எப்படித் திரும்பி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். "மாதத்திலை கொஞ்சக் காசு நிச்சயமெண்டால் அனுப்பமாட்டன். பிச்சை கேக்கமாட்டன். கதைக்கச் சொன்னால் கதைப்பன்" என்றாள்.

சபையின் அடுத்த கூட்டத்தில், உறுப்பினர் வரும் நாளன்று அவளே முதலில் பேசுவது என்று முடிவாயிற்று. பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரமும் குறித்தார்கள். காரியதரிசி மட்டும் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல், "பொட்டோடை வந்தால் விதவையெண்டு ஆர் நம்புவினம்? அழிச்சுப்போட்டு வரச் சொல்லுங்கோ" என்றார்.

"உந்தக் கதையை நான் சொல்லமாட்டன்" என்று எழுந்துவிட்டேன். அவர் தானே போய்ச் சொல்லியிருக்கிறார்.

அந்த நாளன்று அவள் வெறும் நெற்றியோடு வந்தாள். தாலியைச் சட்டைக்குள் மறைத்திருந்தாள். "பிள்ளைக்காண்டி" என்று மட்டும் சொன்னாள்.

மடத்து வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, பக்கத்தில் ஆலாத்தித் தட்டும் குங்குமமும். ஆலாத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் பட்டுடுத்தி நின்றார்கள். தலைவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தார்.

"பிள்ளை, குறை நினையாதேங்கோ. அவர் வந்து இறங்கேக்கை முழிவியளம் சரியா இருக்கவேணும், நல்ல சகுனமான ஆக்கள்தான் எதிர்ப்படவேணும். இந்தப் பெண்டுகளைக் கஞ்சிக் கொட்டிலுக்கை இருத்துவம். பிறகு கூப்பிடுவம்."

"நானும் போகவேணுமோ?"

அவர் குத்துவிளக்கைப் பார்த்தார். "அதுகளுக்கு ஒரு துணைக்கு..."

சூதை எங்கெங்கோ தேடியிருந்தேன். இங்கே சூதே இல்லை; அந்த மனிதர் மனமார நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விதவைகளுக்காகக் கூடிய கூட்டத்தில் விதவைகள் எல்லோரும் கொட்டிலில் குந்தியிருந்தோம். மாலை போட்டார்கள், தேவாரம் பாடினார்கள். தலைவர் பேசினார், காரியதரிசி பேசினார், இன்னொருவர் எங்கள் கண்ணீரைப் பற்றி வெகுநேரம் பேசினார். எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. உறுப்பினர் புறப்படக் கார் உறுமும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்தாள். நான் கையைப் பிடிக்குமுன் கொட்டிலைச் சுற்றி ஓடி, வெளிப் படலையில் காருக்கு நேரே போய் நின்றாள். வெறும் நெற்றி, விரித்த தலை. சாரதி அப்படியே நிறுத்திவிட்டான். வெளிக்கிடும்போது விதவை எதிர்ப்பட்டால் எங்கள் ஊரில் யாரும் அப்படியே போகமாட்டார்கள்; திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்துத்தான் மறுபடி புறப்படுவார்கள். உறுப்பினர் முகம் கறுக்க இறங்கிவந்து உட்கார்ந்தார். செம்பில் தண்ணீர் வந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"ஐயா, விதவையெண்டு எழுதாதேங்கோ. கடலுக்குப் போய் வராதவன்ரை பெண்சாதி எண்டு எழுதுங்கோ. செத்ததெண்டு சொன்னால்தான் சோறெண்டால், நான் எதைச் சொல்லுறது? என்ரை பிள்ளையைப் பொங்கலுக்குப் பிறகு அனுப்பப் போறன். உங்கடை சட்டம் அதுக்கு முன்னம் வருமோ?"

செம்பு அவர் கையிலேயே இருந்தது. "சட்டம் உடனை வராது" என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, "அது வருமட்டும் இந்தப் பிள்ளையைச் சபைதான் பாக்கவேணும்" என்றார். அவ்வளவு பேர் முன்னால் தலைவரால் ஓம் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் கேட்ட சட்டம் அந்த வருடங்களில் வந்ததாக எனக்குத் தெரியாது. மகளை மட்டும் அவள் அனுப்பவில்லை.

கார் போனதும் அவள் நேரே வாசலுக்குப் போய், ஆலாத்தித் தட்டுக்குப் பக்கத்திலிருந்த குங்குமத்தை விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். சுமங்கலிகள் விலகி நின்றார்கள். பிறகு என் வெறும் நெற்றியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். நான் வேதக்காரியோ என்ற அவளுடைய சந்தேகம் இன்னும் தீரவில்லை போலும் என்று நினைத்தேன்.

"ரீச்சரம்மா, உங்கடை அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை. தந்தி வந்தது."

"ஆர் அடிச்ச தந்தி?"

யார் அடித்ததென்று எனக்குத் தெரியாது. உலகத்தில் எல்லோரையும் சந்தேகித்த நான், அந்தத் தந்தியை மட்டும் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.